நத்தையாரும் மூன்று தடயங்களும்

அத்தியாயம் 6

காணாமல் போன சிவப்புத் தொப்பியைப் பதினோரு நிமிடம் தேடி நத்தை கண்டுபிடித்தது. தொப்பி நத்தையின் தலையில்தான் இருந்தது.

ஐம்பத்திரண்டு வயதில் தன்னை இப்படி ஒரு நாற்காலியில் உட்கார்த்தி இதைப் பார்க்க வைத்த விதியைக் கொக்கி மனதுக்குள் நாலு வார்த்தை திட்டினாள். பதினெட்டு வருடம் காப்பீட்டுக் கம்பெனிக்காகப் பொய்க் கணக்குகளைத் தோண்டியவள் அவள். தானே தீ வைத்துக்கொண்ட கிடங்கு, கரையிலேயே மூழ்கிய படகு, செத்துப்போன மறுவாரம் சட்டை தைக்க அளவு கொடுத்த மாப்பிள்ளை என்று அவள் பார்க்காத பித்தலாட்டம் இல்லை. எந்தக் கதையிலும் எங்கேயாவது ஒரு கொக்கியைப் போட்டு இழுத்துவிடுவாள் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு தனியாகத் துப்பறியும் அலுவலகம் போட்டபோதும் பெயர் கூடவே வந்தது.

திரையில் நத்தை நேராக இவளைப் பார்த்துக் கேட்டது. “நண்பர்களே! என் தொப்பி எங்கே இருந்தது? சொல்லுங்க பார்ப்போம்!”

கேட்டுவிட்டு அசையாமல் நின்றது.

“என்ன மேடம், அதுக்கு மூச்சு நின்னுடுச்சா?” என்றான் ரேடியோ. கொக்கியின் உதவியாளன். நாற்பது வயது. அணைக்கும் பொத்தான் இல்லாமல் பிறந்தவன் என்பதால் அந்தப் பெயர்.

“குழந்தைங்க பதில் சொல்ல நேரம் குடுக்கறோம். நாலு செகண்ட்,” என்றாள் பக்கத்தில் இருந்த கதாசிரியர். குரலில் அப்படி ஒரு தேன். நத்தைக்குக் கதை எழுதுவதும் அவள்தான், குரல் கொடுப்பதும் அவள்தான். இந்த ஸ்டுடியோ முதலாளியின் மனைவியும் அவள்தான்.

“தலையில இருக்கிற தொப்பியைத் தேடவே பதினோரு நிமிஷம்னா, கொலைக் கேஸ் குடுத்தா அதுக்குப் பென்ஷன் வந்துடும்,” என்றான் ரேடியோ.

முதலாளி சிரிக்கவில்லை. உருவம் பெரியது. சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருந்தார். எதிலும் மை இருக்குமா என்பது சந்தேகம். “எங்க ‘துப்பறியும் நத்தையார்’ ஒன்பது வருஷமா ஓடுது மேடம். மூணு வயசுலேர்ந்து அஞ்சு வயசு வரைக்கும் இதைப் பாக்காத குழந்தை கிடையாது. நீங்க முழுசா ஒண்ணு பார்த்தாத்தான் போனது எவ்வளவு பெரிய பொருள்னு புரியும். அதான் போட்டுக் காட்டினேன். அந்தத் திருட்டு...”

“என்னங்க,” என்று கதாசிரியர் மெல்லத் தடுத்தாள். “அந்த வார்த்தை இங்க வேண்டாமே. நம்ம கதையில யாரும் திருட மாட்டாங்க. பொருள் இடம் மாறிப் போகும். அவ்வளவுதான்.”

கொக்கிக்கு உள்ளங்கால் எரிந்தது. திருட்டு நடந்த இடத்தில் திருட்டு என்று சொல்லக் கூடாதாம். ஆஸ்பத்திரியில் காய்ச்சல் என்று சொல்லக் கூடாது என்பார்கள் போலிருக்கிறது.

“சரி. இடம் மாறினது என்ன?” என்று கேட்டாள்.

முன்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பேழை காலியாக நின்றது. நேற்று மதியம் வரை அதில் பழுப்பு அட்டை போட்ட ஓர் ஓவிய நோட்டு இருந்தது. நத்தையை முதன்முதலில் வரைந்த நோட்டு. ஒன்றிலிருந்து இரண்டு வரை எல்லாரும் மாடியில் சாப்பிடப் போயிருந்தார்கள். திரும்பி வந்தால் நோட்டு இல்லை. நாளைக் காலை பத்து மணிக்கு வெளிநாட்டுத் தொலைக்காட்சிக்காரர்கள் வருகிறார்கள். அந்த நோட்டையும், அதோடு நத்தையை உருவாக்கியவரையும் சேர்த்துப் படம் பிடிக்கப் போகிறார்கள்.

“எடுத்தது யாருன்னு எங்களுக்குத் தெரியும்,” என்றார் முதலாளி. “எங்க வச்சிருக்கான்னு மட்டும் கண்டுபிடிங்க. நாலு மணி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் ஸ்டேஷன்தான். புகார் எழுதி ரெடியா வச்சிருக்கேன்.”

“யாரு மேல?”

“என் மச்சினி மேல. இவளோட தங்கச்சி. இங்க பின்னணி ஓவியம் போடறவ.”

கதாசிரியர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கூடப் பிறந்தவ மேடம். நானே தூக்கி வளர்த்தேன். இப்பவும் வீட்டுல பாப்பான்னுதான் கூப்பிடுவோம். ஸ்டேஷன் வேண்டாம்னு இவர் கால்ல விழாத குறை. தானா வேலையை விட்டுப் போயிட்டா போதும்னு சொல்றேன்.”

மணி இரண்டரை. கொக்கி எழுந்தாள்.

தடயங்களை முதலாளியே சுற்றிக் காட்டினார். ஒவ்வொன்றையும் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டுக் காவல் காத்திருந்தார். பேழைக்குக் கீழே தரையில் ஒரு நீலச் சாயப் புட்டி. மச்சினியுடையது. மாடிப்படியின் கைப்பிடிக் கம்பியில், கீழிருந்து இரண்டாவது கம்பியில், ஒரு மஞ்சள் துப்பட்டா முடிச்சுப் போட்டபடி. அதுவும் மச்சினியுடையது. கடைசியாக அவளுடைய மேஜைக்கு அடியில், தரையில், பேழையின் சாவி. சாவியில் டென்னிஸ் பந்து அளவுக்கு ஒரு சிவப்புக் கம்பளி உருண்டை கட்டியிருந்தது.

“இந்தச் சாவி எங்க இருக்கும்?”

“வாசல்ல ஆணியில தொங்கும்.”

“இந்த உருண்டையோடயா?”

முதலாளி யோசித்தார். அவருக்கு அது பழக்கமில்லாத வேலை என்பது முகத்தில் தெரிந்தது. “இல்லியே... சும்மாதான் தொங்கும். மொட்டைச் சாவி.”

“திருடப் போற அவசரத்துல சாவிக்குக் குஞ்சம் கட்டி, பொட்டு வச்சு, சீவி முடிச்சிருக்காங்க மேடம்,” என்றான் ரேடியோ. “ரொம்ப நிதானமான குடும்பம்.”

கொக்கி அந்த உருண்டையை விரலால் உருட்டிப் பார்த்தாள். பதினெட்டு வருடத்தில் எந்தத் திருடனும் அவளுக்கு இவ்வளவு மரியாதை செய்ததில்லை. அசல் திருட்டு குப்பையாக இருக்கும். பாதிக் காலடி, தேவையில்லாத சிகரெட் துண்டு, யாருடையது என்றே தெரியாத ஒரு செருப்பு என்று பத்து இருக்கும், அதில் ஒன்பது எதற்கும் உதவாது. இங்கே சொல்லிவைத்தாற்போல மூன்று. நீலம், மஞ்சள், சிவப்பு. நடந்துபோனால் ஒன்றன்பின் ஒன்றாக வரவேற்கின்றன.

“எங்கெல்லாம் தேடினீங்க?”

“எல்லா இடத்திலயும். அலமாரி, லாக்கர், எல்லாரோட பை, அட்டைப் பெட்டி, என் கார் டிக்கி வரைக்கும். பூட்டியிருக்கிற எதையும் விடல.”

அந்த மச்சினி, ஸ்டுடியோவின் ஓவியர், தன் அறையில் தூரிகைகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். முப்பத்து நாலு வயது. நகக்கண்ணில் பச்சைச் சாயம். இவர்களைப் பார்த்ததும் பையைத் திறந்து நீட்டினாள்.

“தேடணுமா? நாலாவது தடவை. வாங்க.”

“நோட்டுல என்ன இருக்கு?” என்றாள் கொக்கி.

“நத்தை. அக்கா பொண்ணு சின்னதுல சாப்பிடவே மாட்டா. ஒரு வாய்க்கு ஒரு படம்னு வரைஞ்சு காட்டுவேன். நாப்பத்தி ரெண்டு பக்கம். முதல் பக்கத்துல தேதி போட்டு என் கையெழுத்து இருக்கு. அப்புறம்தான் அக்கா அதுக்குக் கதை எழுதினா. பேட்டி எடுக்க வந்தவங்ககிட்ட நத்தை அவ கனவுல வந்துச்சுன்னு சொன்னா. ஒன்பது வருஷமா அது வாராவாரம் அவ கனவுல வந்துட்டு இருக்கு.”

“நீங்க ஒண்ணும் கேட்கலியா?”

“கேட்கல. மடத்தனம். போன வாரம்தான் முதல் தடவையா வாயைத் திறந்தேன். நாளைக்கு வர்றவங்ககிட்ட வரைஞ்சது நான்னு ஒரு வரி சொல்லணும்னேன். அத்தான்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்னா அக்கா. பேசினாளா தெரியல. அதுக்குள்ள நான் திருடியாயிட்டேன்.” பையின் பட்டையை அவள் இழுத்துக் கட்டிய வேகத்தில் பட்டை அறுந்து கையோடு வந்தது. “வேலை போகட்டும் மேடம். வேற இடத்துல கிடைக்கும். ஆனா அந்த நோட்டு இல்லேன்னா நத்தை என்னோடதுன்னு நான் எங்க போய்ச் சொல்றது? திருட்டுப் பட்டம் கட்டினவ பேச்சை எவன் கேட்பான்?”

அறுந்த பட்டையை அவள் தூரிகைகளின் மேல் போட்டாள். ரேடியோ நக்கலாக எதுவும் சொல்லவில்லை. அவனைப் பொறுத்தவரை அது ஒரு சாதனை.

“உங்க அறையில கம்பளி நூல் இருக்கா?” என்றாள் கொக்கி.

“எனக்கு எதுக்குக் கம்பளி? கதை அறையில இருக்கும். கதைக்கு மாதிரி காட்டறதுக்கு அக்கா அது இதுன்னு செஞ்சு வச்சிருப்பா. அங்க அவளைத் தவிர யாரும் உட்காரறதில்ல. எங்களுக்கெல்லாம் முடிஞ்ச கதைதான் கைக்கு வரும்.”

கதை அறை மாடியில் ஒரு மூலையில் இருந்தது. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஜன்னலோரம் கூடை. கூடையில் கம்பளி நூல், சிவப்பும் சேர்த்து. கூடை யார் வேண்டுமானாலும் கை விடக்கூடிய இடத்தில் இருந்ததால் கொக்கி அதை லட்சியம் செய்யவில்லை. மேஜைக்கு எதிரே சுவரில் ஒட்டியிருந்த தாளின் முன்னால் போய் நின்றாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. தலைப்பு, ‘நத்தையாரின் சட்டங்கள்’.

“சத்தமாப் படி,” என்றாள்.

ரேடியோ தொண்டையைக் கனைத்துக்கொண்டான். “‘ஒரு கதைக்குத் தடயம் மூன்று. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.’ சரிதான், ரேஷன். ‘மூன்றும் மூன்று நிறம்.’ ‘எந்தத் தடயமும் மூன்று வயதுக் குழந்தையின் கண் உயரத்துக்கு மேலே இருக்கக் கூடாது.’” அவன் நிறுத்தினான். “மேடம், அந்தத் துப்பட்டா முழங்கால் உயரத்துல...”

“மேல படி.”

“‘தொலைந்த பொருளை மூடி உள்ள எதிலும் ஒளிக்கக் கூடாது. அலமாரி, பெட்டி, குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். குழந்தைகள் பார்த்துவிட்டு உள்ளே போய் மாட்டிக்கொள்வார்கள். பொருள் முதலிலிருந்தே கண்ணெதிரே இருக்க வேண்டும்.’ அதான் தொப்பி தலையில! கடைசியா ஒண்ணு சிவப்பு மையில இருக்கு. ‘குழந்தையின் கைப்பிடிக்குள் அடங்கும் எதையும் தனியாகக் காட்டக் கூடாது. வாயில் போட்டுக்கொள்வார்கள். சாவி, பொத்தான் காட்ட நேர்ந்தால்...’”

அவன் மேற்கொண்டு படிக்கவில்லை. படிக்கவும் வேண்டியிருக்கவில்லை. கொக்கி சிரித்தாள். அவள் சிரிப்பது அபூர்வம், பார்ப்பதற்கு அவ்வளவு நன்றாகவும் இருக்காது.

“‘...பெரிய பொருளோடு கட்டிக் காட்டவும்,’” என்று அவளே முடித்தாள். “எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். கையுறை போட்டவன் இருக்கான், ரேகையைத் துடைச்சவன் இருக்கான். சாவியை ஏதாவது குழந்தை முழுங்கிடுமோன்னு கவலைப்பட்டுப் பழி போட்ட ஆளை இன்னைக்குத்தான் பார்க்கறேன்.”

“அப்ப முதலாளிதான் மேடம். பேரு போகக் கூடாதுன்னு மச்சினியை மாட்டி விட்டிருக்காரு. புகாரை வேற முன்னாடியே எழுதி வச்சிருக்காரே!”

“கூப்பிடு அவரை.”

முதலாளி புகாரைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க வந்தார். மணி மூன்றரை.

“சார், நத்தையோட தொப்பி என்ன நிறம்?”

“தொப்பியா?” அவர் கண்கள் கூரையில் அலைந்தன. “பச்சை... பச்சைதானே?”

ஒரு மணி நேரத்துக்கு முன் அவரே போட்டுக் காட்டியது. ஒன்பது வருடமாக அவர் சோற்றில் உப்பு போடுவது. ரேடியோ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“போன வாரம் உங்க மச்சினி தன் பேரைச் சொல்லணும்னு கேட்டாங்களே, அதைப் பத்தி என்ன முடிவு பண்ணினீங்க?”

“பேரா? எந்தப் பேரு? அவ எங்கிட்ட ஒரு டீ கூட வாய் திறந்து கேட்டதில்லியே.”

இவ்வளவு பெரிய உடம்பில் பொய்க்கு மட்டும் இடமில்லை. முட்டாள்தனமே முழுக்க நிறைந்திருந்தது. கேட்ட வார்த்தை அவர் காதுக்கு வந்துசேரவே இல்லை, நடுவிலேயே யாரோ அதை விழுங்கியிருக்கிறார்கள். விழுங்கிய அந்த ஆளுக்கு, விழுங்கக் கூடாத பொருட்களைப் பற்றிச் சட்டமெல்லாம் எழுதத் தெரியும்.

“உங்க மனைவி எங்க?”

“ஒலிப்பதிவு அறையில. நேத்துலேர்ந்து நேரம் கிடைச்சா அங்கேயேதான் போய் உட்கார்ந்துக்கறா. பாவம், மன வருத்தம்.”

“மச்சினியையும் கூட்டிட்டு அங்க வாங்க.”

ஒலிப்பதிவு அறைச் சுவரெல்லாம் தடித்த பஞ்சுத் தகடு. நடுவில் மைக். மைக்குக்குப் பின்னால், கதவே இல்லாத தாழ்வான அடுக்கில் ஒன்பது வருடத்துக் கதைப் பிரதிகள், எல்லாம் பழுப்பு அட்டையில். கதாசிரியர் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். வாசலில் நாலு பேரைப் பார்த்ததும் கழற்றினாள். “கிடைச்சுதா மேடம்?” என்றாள் தேனாக.

“ரேடியோ,” என்றாள் கொக்கி. “உனக்கு மூணு வயசு. தரையில உட்காரு.”

“எங்கம்மாவே என்னை இப்படி அவமானப்படுத்தினது கிடையாது,” என்று முனகிக்கொண்டே அவன் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். எதிரே பார்த்தான். கையை நீட்டி அடுக்கின் கடைசித் தட்டிலிருந்து, மற்றதைவிட விரல் அகலம் உயரமாகத் துருத்திக்கொண்டிருந்த ஒரு நோட்டை உருவினான். முதல் பக்கத்தில் நத்தை இருந்தது. கீழே தேதி, கையெழுத்து.

முதலாளி வாயைப் பிளந்தார். “இங்கயா? பூட்டியிருக்கிறதெல்லாம் தேடினேனே!”

“திறந்திருந்ததைப் பார்க்கலியே,” என்றாள் கொக்கி.

“இடம் மாறி வந்திருக்கும்,” என்றாள் கதாசிரியர் அவசரமாக. “பாப்பாதான் இங்க கொண்டுவந்து...”

“அவங்க கொண்டுவந்து வச்சுட்டு, தன் மேலயே மூணு நிறத்துல மூணு தடயம் போட்டுட்டு, சாவி குட்டியா இருக்கேன்னு அதுக்குக் கம்பளிப் பந்து கட்டினாங்களாக்கும்?” கொக்கியின் குரல் ஏறவில்லை. ஏறாதபோதுதான் அது அதிகம் வலிக்கும். “அந்தப் பந்தை எப்பக் கட்டினோம்னாவது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

கதாசிரியர் தன் கைகளைப் பார்த்தாள். உண்மையிலேயே ஞாபகம் இல்லை போலிருந்தது. “ஒரு குழந்தை,” என்றாள், “எங்க கதையைப் பார்த்துட்டுப் பொத்தானை வாயில போட்டுடுச்சு. ஒண்ணும் ஆகல. அவங்கம்மா கடிதம் போட்டாங்க. நான் ரெண்டு ராத்திரி தூங்கல. அதுலேர்ந்து சின்னதா எதைப் பார்த்தாலும் கை தானா...”

“முகம் தெரியாத பிள்ளை தொண்டையில சாவி மாட்டிக்கக் கூடாதுன்னு பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கீங்க. கூடப் பிறந்தவ கழுத்துல கயிறு மாட்டறப்போ அந்தக் கை கொஞ்சம்கூட நடுங்கல.”

முதலாளி கையிலிருந்த புகார் மெதுவாகச் சட்டைப் பைக்குள் போயிற்று. “குடும்ப விஷயம் மேடம்,” என்றார். “பெரிசு பண்ண வேண்டாம். வீட்டுக்குள்ள பேசிக்கலாம்.”

“மச்சினின்னா ஸ்டேஷன், பெண்டாட்டின்னா வீடா?” என்றான் தரையிலிருந்த ரேடியோ.

ஓவியர் அதுவரை வாசலிலேயே நின்றாள். இப்போது உள்ளே வந்து ரேடியோவிடமிருந்து நோட்டை வாங்கினாள். ஒரு தாள் விடாமல் புரட்டி நாற்பத்திரண்டும் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

“ஏன்க்கா?”

“நீ கோடு போட்டே. அதை நடக்க வச்சது நான். பேச வச்சது நான். ஒன்பது வருஷமா ராப்பகலா...” கதாசிரியர் ஹெட்போனின் கம்பியை விரலில் சுற்றினாள். “நாளைக்கு உன் பேரைச் சொன்னா, இத்தனை வருஷமா நான் சொன்னதெல்லாம் பொய்யாயிடும் பாப்பா.”

“அது எப்பவோ பொய்தான். நாளைக்குத் தெரிய வரும். அவ்வளவுதான்.”

கதாசிரியர் எழுந்து தங்கையின் கையைப் பிடித்தாள். கண்ணில் நீர். வாயிலிருந்து அந்தக் குரல் வந்தது. ஊரில் உள்ள குழந்தைகளையெல்லாம் சாப்பிட வைத்து, தூங்க வைத்த அதே நத்தைக் குரல். “பாப்பா, நல்ல பாப்பாதானே நீ? அக்காவை மன்னிச்சிடு, என்ன?”

“நத்தை குரல்ல பேசாத,” என்றாள் ஓவியர். “அதுவும் என்னோடதைப் பார்த்துப் பிறந்ததுதான்.”

கையை விடுவித்துக்கொண்டு மைக்குக்கு முன்னால் கிடந்த நாற்காலியை அக்காவின் பக்கம் காலால் தள்ளினாள். “நாளைக்குப் பத்து மணிக்கு அவங்க வர்றப்போ நத்தையை வரைஞ்சது யாருன்னு நீயே சொல்றே. உன் சொந்தக் குரல்ல. உனக்கு அது பழக்கம் விட்டுப் போச்சு. உட்காரு. இப்பவே ஒரு தடவை சொல்லிப் பழகிக்கோ.”

கதாசிரியர் கணவரைப் பார்த்தாள். அவர் தன் பேனாக்களைப் பார்த்தார். கொக்கியைப் பார்த்தாள். கொக்கி கதவில் சாய்ந்துகொண்டு, அவசரமே இல்லாதவள்போல நின்றாள்.

கதாசிரியர் உட்கார்ந்தாள். கட்டையான, வறண்ட, இதுவரை யாரும் தொலைக்காட்சியில் கேட்டிராத ஒரு குரல் வந்தது. “என் தங்கச்சி.”

“கேட்கல,” என்றாள் தங்கை. “மறுபடியும் சொல்லு.”